உஷ்… உதடு உரிந்துகொண்டிருக்கிறது!

அந்த ரீலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளிறிப்போன ஓர் உதடு. ஒரு சொடுக்கு. அடுத்த நொடி ரோஜா நிறத்தில் மினுமினுக்கும் உதடு! பின்னணியில் ஹிட் பாட்டு, கீழே வரிசையாக இதயங்கள். லிப் பிளஷ், லிப் டிண்ட், பெர்மனென்ட் லிப் கலர் என்று பெயர்தான் கடைக்குக் கடை மாறும். எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தச் சொடுக்குக்குள் என்ன நடந்தது? அதற்கப்புறம் பத்து நாள் அந்தப் பொண்ணு எங்கே போனாள்?

எனக்குத் தெரியுமே! எலப்புள்ளியில், என் அக்கா வீட்டுப் பின்கட்டில், வாயைப் பாதிகூடத் திறக்காமல், ஸ்பூனால் தயிர்சாதத்தை உள்ளே தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எலப்புள்ளி பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். வாளையார் தாண்டினால் தமிழ்நாடு. தமிழும் மலையாளமும் இங்கே ஒரே வாக்கியத்தில் குடித்தனம் நடத்தும். அக்கா மகளுக்குத் தை மாதம் கல்யாணம். "சித்தி, நான் உதட்டுக்குக் கலர் போடப் போறேன். யார்ட்டயும் பறஞ்சுராதீங்க" என்று காதோடு காதாகச் சொன்னாள். நான் யாரிடமும் பறையவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான்! (அனுமதி வாங்கியாயிற்று. பெயர் போடக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.)

முதலில் மாதக் கணக்கு. மார்கழியில் போட்டுக்கொண்டால் தைக்குப் புத்தம்புதிதாக இருக்குமே என்பது இவள் திட்டம். போனிலேயே ஆர்ட்டிஸ்ட் ஒரே போடாகப் போட்டுவிட்டார். "மார்கழியா? எலப்புள்ளிலயா? அந்தக் காத்துலயா? ஆளை விடுங்க!" அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை வாய் பிளந்து நிற்கிற இடம்தான் பாலக்காட்டுக் கணவாய். மழைக்காலம் முடிந்ததும் கிழக்கிலிருந்து வருகிற வறண்ட காற்று முழுவதும் அந்த வழியாகத்தான் நுழைகிறது. டிசம்பர், ஜனவரியில் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஊசி எதுவும் போடாமலே உதடு வெடிக்கும். புதிதாகக் குத்திய உதட்டை அந்தக் காற்றில் காட்டினால் கேட்கவே வேண்டாம்.

அதனால் புரட்டாசி. முதல் சிட்டிங் முடிந்து ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டச்-அப், அது ஆற இன்னொரு மாதம், பிறகு முகூர்த்தம் என்று பின்னாலிருந்து எண்ணி வந்தால் புரட்டாசியில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. கூடுதல் லாபம், வீட்டில் அந்த மாதம் மீன் கிடையாது. காரமான மீன்குழம்பைப் பார்த்து ஏங்க வேண்டிய வேலை மிச்சம்!

இனி கோயம்புத்தூர். ஸ்டுடியோவின் பெயர் வேண்டாம், உள்ளே மட்டும் எட்டிப் பார்ப்போம். வெள்ளைக் கட்டில், அதன்மேல் காகித விரிப்பு, தலைக்கு மேலே வட்ட விளக்கு. மெஷினுக்கும் அதன் வயருக்கும் பிளாஸ்டிக் உறை. எங்கள் கண் முன்னால்தான் ஊசிப் பாக்கெட்டைக் கிழித்தார்கள். நான் முதலில் பார்த்தது அதைத்தான். நீங்களும் அதைத்தான் பார்க்க வேண்டும். சுண்டுவிரல் நுனி அளவு கிண்ணங்களில் கலர். அதற்கு முன்னால் ஒரு கேள்வித்தாள். கர்ப்பமா? பால் கொடுக்கிறீர்களா? சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? ரத்தம் இளக மாத்திரை உண்டா? பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டீர்களா? தழும்பு மேடுகட்டி வளரும் உடம்பா? உதட்டில் எப்போதாவது சூட்டுக் கொப்புளம் வந்ததுண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய வேலை இருக்கிறது.

பிறகு வரைதல். கலரில் தோய்த்த நூலை முகத்தில் இழுத்து நடுக்கோடு, வெள்ளைப் பென்சிலால் ஓரம், ஒரு போட்டோ, அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து இடமும் வலமும் சரியா என்று சோதனை. இது மட்டுமே அரைமணி நேரத்தை விழுங்கிவிட்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ரகசியம், உலகத்தில் யாருடைய உதடும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. கண்ணாடி முன்னால் ஓடாதீர்கள், உங்களுடையதும் அப்படித்தான்.

அடுத்தது மரப்புக் கிரீம். லிக்னோகெய்ன்! பல் டாக்டர் ஊசியில் இருக்கும் அதே ஆள். ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் என்ற வேதியியலாளர் 1943இல் உருவாக்கியது. தடவிச் சிறிது நேரத்தில் பொண்ணுக்கு 'ப'வும் 'ம'வும் போய்விட்டன. உதடு இரண்டும் சேர்ந்தால்தான் இந்த எழுத்துகள் பிறக்கும் என்று தொல்காப்பியர் எப்போதோ எழுதிவைத்துவிட்டார். மரத்த உதடு சேருமா? "சித்தி, அங்ஙா கிட்ட ஹோன் ஹண்ணி…" என்றாள். அம்மாவுக்குப் போன் பண்ணச் சொல்கிறாளாம்! நானும் ஆர்ட்டிஸ்டும் சிரித்த சிரிப்பில் வரைந்த கோடு அழிந்திருக்க வேண்டியது.

சிரிப்போடு ஒரு கண்டிப்பும். 2024 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெய்ன் (லிக்னோகெய்னுக்கு அங்கே அதுதான் பெயர்) கலந்த கிரீம்களைப் பற்றி எச்சரித்தது. அழகு நிலையங்களில் தடவுவதற்கென்று விற்கப்பட்ட பொருட்கள்தான் அவை. மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பு தடுமாறலாம், வலிப்பு வரலாம். உதட்டுத் தோல் மெல்லியது, மருந்தைச் சீக்கிரம் உறிஞ்சும். டியூபில் சதவீதம் அச்சடித்திருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது ஊசி! ர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். விநாடிக்குப் பல பத்து முறை உள்ளே போய் வெளியே வருகிறது. எடிசன் 1876இல் காகிதத்தில் துளை போட்டுப் பிரதி எடுப்பதற்காக ஒரு மின்பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார். நியூயார்க்கில் சாமுவேல் ஓரெய்லி அதே யோசனையைத் தோலுக்குத் திருப்பி 1891இல் பச்சை குத்தும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1902இல் லண்டனில் சதர்லண்ட் மெக்டொனால்ட் என்பவர் சீமாட்டிகளின் கன்னத்தில் என்றும் அழியாத ரோஜா நிறம் ஏற்றிக்கொண்டிருந்தார். ஆபீஸ் நகலெடுக்க வந்த பேனாவுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

வலிக்குமா? எல்லாரும் கேட்கும் கேள்வி. ஓரங்களில் சுருக் சுருக். மேலுதட்டு நடுவில் இருக்கும் அந்தக் குழிவுக்கு ஊசி வந்ததும் பொண்ணின் கால்விரல் பத்தும் மடங்கின. அழவே இல்லை, ஆனால் கண்ணில் தண்ணீர் தானாக வழிந்தது. கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், உடம்பின் எந்தப் பகுதிக்கு மூளையில் எவ்வளவு இடம் என்று வரைபடம் போட்டார். முதுகு முழுவதற்கும் துளியூண்டு இடம், உதட்டுக்கு ஒரு பெரிய பட்டா! அவ்வளவு நரம்பு இருக்கும் இடத்தில் ஊசி போனால் மூளை சும்மா இருக்குமா? மேலுதட்டில் வேலை நடக்கும்போது மூக்கு குறுகுறுக்கும். தும்மல் வந்தது. "ஸ்டாப்!" என்று இவள் கையைத் தூக்க, ஊசி அந்தரத்தில் நிற்க, மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். வந்த தும்மல் வராமலே போயிற்று. அதைவிடக் கொடுமை உண்டா?

கலர் கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரோஜாவைக் காணோம். ஆரஞ்சு! நம் ஊர் உதடுகளில் மெலனின் அதிகம். அது பழுப்பும் கொஞ்சம் ஊதாவுமாகத் தெரியும். அதன்மேல் நேரே ரோஜாவை ஏற்றினால் சாம்பல் அடித்துப் போகும். முதல் சிட்டிங்கில் ஆரஞ்சைப் போட்டு நீலச்சாயலை அடக்கிவிட்டு, டச்-அப்பில்தான் ஆசைப்பட்ட நிறத்துக்குப் போகிறார்கள். ஒரே சிட்டிங்கில் கருத்த உதட்டைப் பேபி பிங்க் ஆக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

வெளியே காத்திருந்த இடத்தில் இன்னொரு பெண்ணையும் பார்த்தேன், உதட்டோரத்தில் வெண்புள்ளி. அவருக்கு இங்கே போடவில்லை, தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்காகவே இந்த ஸ்டுடியோவுக்கு என்னிடம் ஒரு பாஸ் மார்க். வெண்புள்ளியில் நிறம் திரும்புவது பெரும்பாலும் மயிர்க்கால்களில் ஒளிந்திருக்கும் நிறமி அணுக்களிலிருந்துதான். உதட்டில் மயிர்க்காலே கிடையாதே! அதனால் களிம்புக்கும் ஒளிச் சிகிச்சைக்கும் உதடு லேசில் மசியாது. புள்ளி பரவாமல் நின்றுபோனவர்களுக்குத் தோல் மருத்துவர்களே நிறமி குத்துகிறார்கள். பரவிக்கொண்டிருக்கும்போது குத்தினால் குத்திய இடத்திலேயே புதுப் புள்ளி கிளம்பக்கூடும். அழகுக்காக வந்த மெஷின் அங்கே மருந்தாகப் போகிறது, ஆனால் நேரம் பார்த்து.

முடிந்தது. எழுந்து உட்கார்ந்தவளைப் பார்த்தால், ஐயோ, எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பியிருக்கிறது உதடு! கலரோ கண்ணைப் பறிக்கிறது. அந்த நிமிடத்தில்தான் ரீல் எடுக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் அந்த உதடு தன் வாழ்நாளில் சொல்லும் மிகப் பெரிய பொய் அதுதான். பாதி வீக்கம், பாதி ரத்த ஓட்டம், மேல்தோலில் தங்கியிருக்கும் கலர் ஒரு வாரத்தில் உரிந்து விழப்போகிறது. உண்மையான வேலை இனிமேல்தான், அதுவும் கேமரா இல்லாத இடத்தில்.

மாஸ்க் போட்டுக்கொண்டு வாளையார் தாண்டினோம். கொரோனா போனாலும் மாஸ்க் வாழ்க! வீட்டில் நுழைந்ததும் அக்கா ஒரு பார்வை பார்த்தாள். "தேனீ கொத்துச்சா?"

முதல் நாள் இரவு மஞ்சளாக ஒரு நீர் கசியும். பயப்பட ஒன்றுமில்லை, காயம் ஆறுவதற்காக உடம்பு அனுப்புகிற நிணநீர். காய விட்டால் பொருக்காகி இழுக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. அதன்மேல் வாசலின் ஒரு மெல்லிய பூச்சு. இந்த வாசலினுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1859இல் பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளில் துளையிடும் தண்டுகளில் ஒட்டும் பிசுக்கை அங்கத்துத் தொழிலாளர்கள் வெட்டுக்காயத்தில் தடவிக்கொண்டிருந்தார்கள். அதை ராபர்ட் செஸ்பரோ என்ற இளைஞர் பார்த்து, வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சுத்தப்படுத்தி, 1872இல் காப்புரிமையே வாங்கிவிட்டார். தானே காயப்படுத்திக்கொண்டு தடவிக் காட்டி விற்றாராம் மனிதர்! எங்கள் வீட்டில் பாட்டி நெய் தடவு என்றாள், பக்கத்து வீட்டுச் சேச்சி தேங்காயெண்ணெய் என்றார், அக்கா மஞ்சள்தூள் டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பொண்ணு மூன்று பேரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். புண்ணான உதட்டில் அடுக்களைச் சாமான் வேண்டாம், அதுவும் கலர் ஏற்றிய உதட்டில் மஞ்சள்? நினைத்துப் பாருங்கள்!

ஐஸ் கட்டியை நேராக வைக்கக் கூடாது, சுத்தத் துணியில் சுற்றிச் சற்று நேரம் ஒற்றலாம். தலைக்கு இன்னொரு தலையணை. வீக்கம் பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும். எரிச்சல், இறுக்கம், லேசான வலி, இவையெல்லாம் கணக்கில் உள்ளவைதான். மாத்திரை எது என்பதை மட்டும் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு! இந்த இடத்துக்கு வருவதற்காகத்தான் இவ்வளவு நேரம் பரபரத்துக்கொண்டிருக்கிறேன். எலப்புள்ளி ஊராட்சிக்குள்தான் ராமசேரி இருக்கிறது. ஆமாம், அந்த ராமசேரி இட்லி! காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் முதலியார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அவிக்கிற இட்லி. குழித்தட்டு கிடையாது. கொதிக்கிற பானையின் வாயில் நூல் வலை பின்னிய மண்வளையம், அதன்மேல் துணி, துணிமேல் மாவு. விறகடுப்பில் வெந்து வட்டமாக, தட்டையாக, தொட்டால் நடுங்குகிற மெத்தென்ற ஒரு வஸ்து வெளிவரும். தோலுரியும் உதட்டுக்கு இதைவிட வாகான உணவை யாராவது திட்டம் போட்டுக்கூட உண்டாக்கியிருக்க முடியாது. சின்னத் துண்டாகக் கிள்ளி உதட்டில் படாமல் உள்ளே விட்டால் போதும், மெல்லவே வேண்டாம்.

ஆனால் பொடி கூடாது! ராமசேரி இட்லியைப் பொடியும் தேங்காயெண்ணெயும் இல்லாமல் தின்பதா? பொண்ணு கண்கலங்கியதை நான் பார்த்தேன். ஊசிக்கு அழாதவள்! என்ன செய்வது, மிளகாயின் காப்சைசின் போய் உட்காரும் அதே நரம்பு ஏற்பியில்தான் சூடும் போய் உட்காருகிறது. அதைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நரம்புக்குச் சுடுசாயாவும் பச்சைமிளகாயும் ஒன்றுதான். அதனால் டீ வெதுவெதுப்பாக, சாம்பார் ஒதுக்கி, ஊறுகாய் பாட்டிலை அலமாரி மேல்தட்டுக்கு ஏற்றி! ஸ்ட்ரா விஷயத்தில் மட்டும் ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஆர்ட்டிஸ்ட் பேச்சு மாறுகிறது. உதட்டில் படாது, நல்லது என்கிறார் ஒருவர். உறிஞ்சினால் உதடு குவியும், பொருக்கு பிளக்கும் என்கிறார் இன்னொருவர். நான் இரண்டாமவர் கட்சி.

மூன்றாம் நாள் வாக்கில் நாடகத்தின் உச்சகட்டம். உரிதல்! ஓரத்தில் ஒரு சுருள் எழும்பும். அரிக்கும். நாக்கு தானாக அங்கே போகும். இழுத்துப் பிய்த்துவிடலாமா என்று விரல் பரபரக்கும். கூடவே கூடாது. ஆறாத தோலை இழுத்தால் அதோடு கலரும் வந்துவிடும், அந்த இடம் திட்டாக வெளுத்து நிற்கும். நாக்கால் நனைப்பது இன்னும் மோசம், எச்சில் காயும்போது உதட்டின் ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். உதட்டுக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது, எண்ணெய்ச் சுரப்பியும் பேருக்குத்தான். தன்னை ஈரமாக வைத்துக்கொள்ள அதற்கு வழியே இல்லை. பாவம்! இந்த நாட்களில்தான் மாப்பிள்ளை வீடியோ கால் செய்தார். "நெட்வொர்க் இல்ல" என்று இவள் மூன்று நாள் ஓட்டினாள். எலப்புள்ளியில் டவர் நன்றாகத்தான் இருக்கிறது.

பொருக்கெல்லாம் உதிர்ந்த காலை வந்தது. கண்ணாடியைப் பார்த்தவள் ஓடி வந்தாள். "சித்தி, கலரே இல்ல! காசு போச்சு!" உண்மையாகவே வெளிறி, ஏதோ பனிமூட்டத்துக்குள் தெரிகிற மாதிரிதான் இருந்தது. ஆர்ட்டிஸ்டுக்கு வாய்ஸ் மெசேஜ் பறந்தது. பதில் ஒரு சிரிப்பு ஸ்மைலியும் "நாலு வாரம் பொறுங்க கண்ணு" என்பதும். புதுத்தோல் முதலில் சற்றுக் கலங்கலாக, தடித்துத்தான் முளைக்கும். அது மெலிந்து தெளியத் தெளிய அடியில் இருக்கும் நிறம் மேலே தெரியவரும். மூன்றாம் வாரம் போனது, நான்காம் வாரம் நெருங்கியது, மெல்ல மெல்ல… வந்தேவிட்டது! பிரகாசமான ஆரஞ்சு ஒன்றும் இல்லை, கருமை போய் ஓர் இளம் பழுப்பு ரோஜா. லிப்ஸ்டிக் போட்டாள் என்று சொல்ல முடியாத நிறம்.

அந்த நிறத்தை அங்கே யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா? இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நம் உடம்பின் காவல் அணுக்கள், மேக்ரோபேஜ்கள்! நிறமித் துகளை அந்நியன் என்று நினைத்து விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடியவில்லை. பிரான்சின் மார்செய்யில் 2018இல் எலியின் வாலில் பச்சை குத்திப் பார்த்தார்கள். காவல் அணு செத்துப்போகும்போது துகளைக் கீழே போடுகிறது, பின்னால் வரும் புதிய காவல் அணு அதை அப்படியே எடுத்து விழுங்கிக்கொள்கிறது. கைமாறிக் கைமாறி நிறம் அங்கேயே நிற்கிறது! உதட்டில் நிறமியை அவ்வளவு ஆழமாக வைப்பதில்லை, வெயிலும் படுகிறது, அதனால் சில வருடங்களில் மங்கிவிடும். பெயர் மட்டும் பெர்மனென்ட்.

பாட்டிக்கு இந்தச் செய்தியைச் சொன்னதுதான் தாமதம். முழங்கையை நீட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் குறத்தி வந்து திண்ணையில் உட்கார்ந்து குத்திவிட்டுப் போன கோலம், பச்சைநிறப் புள்ளிகள் இன்னும் எண்ண எண்ணத் தெரிகின்றன. "மூணு வருஷத்துல அழியறதுக்கா இவ்வளவு ரூபா? எனக்கு ஒரு படி அரிசிதான்!" மையின் செய்முறையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பில் எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள்தூளும் அகத்தி இலையும் அரைத்துத் துணித்திரியில் சுற்றி, விளக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தார்களாம். அந்த மை வெறும் கரி. கரி லேசில் மங்காது. ஒரே ஊசி ஊர் முழுக்கப் போனது என்பதைப் பாட்டியிடம் நான் சொல்லவில்லை.

கலை என்று வந்தபிறகு பாலக்காட்டின் இன்னொரு மேக்கப்பைச் சொல்லாமல் போனால் இந்த மாவட்டம் என்னை மன்னிக்காது. கதகளி அணியறை, அதாவது ஒப்பனை அறை! மல்லாந்து படுத்த நடிகரின் தாடையோரம் அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்துச் சுட்டி கட்டுவார்கள், மணிக்கணக்கில். கண் சிவக்கச் சுண்டப்பூவின் விதை. பொண்ணு கட்டிலில் படுத்திருந்த கோலத்தைப் பார்த்ததும் வெள்ளிநேழிப் பக்கத்து அணியறை ஒன்றுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அவர்கள் விடியற்காலையில் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போய்விடுவார்கள்! பொடி தோசையும் தின்பார்கள்!

இப்போது அந்த அடிக்கோடு போட்ட கேள்வி. சூட்டுக் கொப்புளம். அது சூட்டால் வருவதில்லை, ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ். உலகில் 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேரின் உடம்பில் அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பலருக்குத் தெரியவே தெரியாது. காதுக்கு முன்னால் மண்டைக்குள் இருக்கும் ஒரு நரம்பு முடிச்சில் சத்தமில்லாமல் குடியிருக்கும். வெயில், காய்ச்சல், ஊசிக் காயம், ஏதாவது ஒன்று சீண்டினால் நரம்பு வழியே இறங்கி உதட்டுக்கு வந்துவிடும். கலர் ஏற்றிய சில நாளில் கொத்தாக நீர்க்கொப்புளம், சுரீர் வலி. முன்பு வந்தவர்கள் டாக்டரிடம் கேட்டு அசைக்ளோவிர் வகை மாத்திரையை முன்கூட்டியே தொடங்கினால் இந்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தலாம். அந்த மருந்துக்குப் பின்னால் இருந்த கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் கிடைத்தது.

நம் ஊரில் இதே வைரஸ் குடும்பத்து இன்னொரு உறுப்பினருக்குத்தான் அக்கி என்று பெயர். மண்பானை செய்யும் வேளாரிடம் போனால் காவியைக் குழைத்து இறகால் அக்கி எழுதுவார். அந்தக் காவி என்ன? இரும்பு ஆக்சைடு. அழகு நிலையத்து நிறமிக் கிண்ணங்கள் பலவற்றில் இருக்கும் சிவப்பும் பழுப்பும் என்ன? அதே இரும்பு ஆக்சைடு! எனக்கு இதைக் கேட்டதும் கைதட்டத் தோன்றியது. அதற்காக அக்கி எழுதினால் வைரஸ் போகும் என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிடாதீர்கள்.

எல்லா நிறமியும் அவ்வளவு சாதுவல்ல. உதட்டுச் சிவப்புகளில் பல செயற்கைச் சாயங்கள். 2003, 2004 வாக்கில் அமெரிக்காவில் சில பெர்மனென்ட் மேக்கப் மைகளைப் பற்றி 150க்கு மேற்பட்ட புகார்கள் வந்தன, வீக்கம், வெடிப்பு, தோலுக்கடியில் கட்டி. 2025இல் கர்நாடகத்தில் பச்சை குத்தும் மைகளைச் சோதித்ததில் 22 உலோகங்கள் தென்பட்டதாக அந்த மாநில அரசு சொன்னது. ஆகவே பாட்டிலின் பெயர், காலாவதித் தேதி இரண்டையும் போன்கேமராவில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பொண்ணு பிடித்தாள். ரீலுக்கு அல்ல.

நாள் ஆக ஆக வலி குறையாமல் கூடினால், சீழ் வைத்தால், காய்ச்சல் அடித்தால், கொப்புளம் கொத்தாகக் கிளம்பினால், மாதங்கள் கழித்துக் கட்டி தட்டுப்பட்டால் வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், நேரே தோல் மருத்துவர். கலர் பிடிக்கவில்லை என்று அவசரப்பட்டு லேசருக்கு ஓடுவதும் ஆபத்து. இரும்பும் டைட்டானியமும் கலந்த வெளிர் நிறங்கள் லேசர் பட்டதும் கறுத்துப்போவதுண்டு. ரோஜாவை அழிக்கப் போய்க் கரியைப் பூசிக்கொண்டு வருவதா? அப்புறம் இன்னொன்று, ஊசி குத்திய நாளிலிருந்து 12 மாதம் ரத்த தானம் கிடையாது. பொண்ணு கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கும் கம்பெனியில் முகாம் வந்தபோது இவள் நழுவியதைப் பார்த்துத்தான் அங்கே பாதிப் பேருக்கு ரகசியமே தெரிந்தது!

டச்-அப், பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த் திருவிழா முடிந்த கையோடு. காற்று கிளம்புவதற்குள் ஆறிவிட வேண்டும் என்று கணக்கு. இந்தத் தடவை ரோஜாக் கிண்ணம். இரண்டாம் முறை ஊசிவேலை குறைவு, உரிதலும் சீக்கிரம் முடியும் என்கிறார் ஆர்ட்டிஸ்ட். வீட்டிலோ வேறொரு கூத்து. "உதட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாளாம்" என்று ஒரு மாதமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்த எங்கள் மாமா, நேற்றுச் சாயங்காலம் தனியாக என்னைக் கூப்பிட்டார். சுற்றும் முற்றும் பார்த்தார். "ஆம்பளைங்களுக்கும் போடுவாங்களா? எனக்கு ஒண்ணும் கலர் வேண்டாம்… இந்தக் கறுப்பு மட்டும் போனாப் போதும்."

ஆண்கள் நிறையவே வருகிறார்களாம், நான் விசாரித்துவிட்டேன். ஆர்ட்டிஸ்டையே ஸ்பீக்கரில் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சிகரெட் எத்தனை?" புகைதான் உதட்டில் மெலனினைத் தூண்டிவிடுகிறது, புகைதான் காயத்தையும் ஆற விடாது. முதலில் அதை நிறுத்துங்கள், சில மாதத்தில் கறுப்பு தானாகவே கொஞ்சம் குறையும், அப்புறம் வாருங்கள், பார்க்கலாம் என்றார்.

மாமா போனை என் கையில் திணித்தார். "நல்ல ரேஞ்சு இல்ல, கட் பண்ணிரு."